பத்தலை என்கிற சொல்

மதுரையில் பிரசவ வார்டில் ஓயாமல் காதில் விழும் சொல் ‘பால் பத்தலை’. சொல்வது பெரும்பாலும் பெற்றவள் இல்லை. துணைக்கு இருக்கும் அம்மாச்சி, இல்லையென்றால் பார்க்க வந்த அப்பத்தா. உசிலம்பட்டிப் பக்கத்துக் குடும்பமானாலும் அண்ணாநகர்க் குடும்பமானாலும் இதில் பேதமில்லை. இரண்டாம் நாள் ராத்திரி பிள்ளை விடாமல் அழும். விடிவதற்குள் பவுடர் டின் வந்துவிடும்.

முதல் நாள் ஒரு வேளைக்குப் பிள்ளையின் வயிறு தாங்குவது 5 முதல் 7 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன். சீம்பாலும் அந்த அளவுக்குத்தான் ஊறும். இரண்டாம் ராத்திரி பிள்ளை ஓயாமல் மார்பைத் தேடுவதுதான் மூன்றாம், நான்காம் நாள் பால் இறங்குவதற்கான முன்னேற்பாடு. சப்பச் சப்பத்தான் ஊறும். இடையில் பவுடர் பால் புகுந்தால் பிள்ளை தூங்கிவிடும், மார்புக்கு வேலை குறையும், பாலும் குறையும். பத்தலை என்று சொன்னது அப்புறம் நிஜமாகவே பத்தாமல் போய்விடும்.

மாட்டுச் சீம்பாலைக் கருப்பட்டி போட்டு அவித்து, அக்கம்பக்கத்துக்கும் கொடுத்துத் தின்கிற ஊர் இது. பெண்ணின் சீம்பாலை மட்டும் ‘கெட்ட பால்’ என்று பீய்ச்சிக் கொட்டினார்கள். அந்தப் பழக்கம் இப்போது குறைந்துவிட்டது. பிறந்த பிள்ளையின் நாக்கில் இனிப்பைத் தொட்டு வைக்கிற சேனை மட்டும் போகவில்லை. சீனித்தண்ணி ஒரு சொட்டுதானே என்பார்கள்; சில வீட்டில் தேன். ஒரு வயது முடியும்வரை தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைப்பிள்ளையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.

பத்துகிறதா என்று அழுகையை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. துணியை எண்ண வேண்டும். முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் இரண்டு தடவை என்று கூடிக்கொண்டே வந்து, ஐந்தாறு நாளில் ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் பிள்ளை சிறுநீர் கழித்தால் பால் பத்துகிறது. எடை முதலில் கொஞ்சம் இறங்கும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கினால் டாக்டர் பார்த்தே ஆகவேண்டும். அப்போது பவுடர் பால் தேவைப்பட்டால் கொடுக்கத்தான் வேண்டும், அதில் பிடிவாதம் ஆகாது.

நிஜமாகவே பால் போகாத இடங்களில் பெரும்பாலும் கோளாறு பிடியில்தான். பிள்ளை காம்பை மட்டும் கவ்வினால் பாலும் வராது, காம்பும் வெடிக்கும். பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். மூக்கு காம்புக்கு நேரே. காம்பால் மேலுதட்டைத் தொட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். கொட்டாவி விடுகிற மாதிரி வாய் திறக்கும், அந்த நொடியில் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். மார்பைப் பிள்ளைக்குக் கொண்டுபோனால் தாய் குனிவாள், பிடி நழுவும், முதுகுவலி மிஞ்சும். கீழுதடு வெளியே மடங்கி, நாடி மார்பில் பதிந்திருந்தால் சரி. விட்டபின் காம்பு நசுங்கிச் சாய்வாக இருந்தால் பிடி தப்பு. வெடுக்கென்று இழுக்காமல், கழுவிய சுண்டுவிரலைக் கடைவாயில் விட்டு எடுத்து மறுபடி போட வேண்டும்.

காம்பு உள்வாங்கியிருந்தால் 10 மில்லி சிரிஞ்சு போதும். ஊசி மாட்டும் முனையை அறுத்துவிட்டு, பிஸ்டனை அறுத்த பக்கம் வழியாக ஏற்ற வேண்டும். வழவழப்பான மறுபக்கத்தைக் காம்பின்மேல் வைத்து, மெதுவாக இழுத்து, அரை நிமிடம் பிடித்துவிட்டுப் பால் கொடுக்கலாம். அவசரத்தில் திருப்பி மாட்டுகிறவர்கள் உண்டு. அறுத்த விளிம்பு மார்பில் பட்டுக் கீறிவிடும்.

மூன்றாம், நான்காம் நாள் பால் கட்டும். மார்பு கல் மாதிரி ஆகும். இங்கேதான் மதுரை மல்லி குறுக்கே வரும். மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டினால் வலி அடங்கும் என்பார்கள். அடங்கலாம், ஆனால் அது பாலையே வற்றவைக்கிற வைத்தியம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1988இல் வெளியிட்ட ஆய்வில், பால் வற்றக் கொடுக்கும் மாத்திரைக்குப் பூ கிட்டத்தட்ட ஈடுகொடுத்தது. பிள்ளையை இழந்த தாய்க்கு அந்தப் பூ உதவும், பால் கட்டியவளுக்கு உதவாது. அவள் கையால் கொஞ்சம் பீய்ச்சிவிட வேண்டும். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி வைத்து, முதலில் நெஞ்சுப்பக்கம் அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கிவிட வேண்டும், தோலில் தேய்க்கக்கூடாது. மார்பு கொஞ்சம் இளகியதும் பிள்ளையைப் போடலாம். பீய்ச்சியதைப் பாலாடையில் புகட்டலாம்.

பிள்ளை குடிக்கும்போது ‘அடிவயிறு இழுக்குது சிஸ்டர்’ என்று பயப்படுவார்கள். அது கர்ப்பப்பை சுருங்குகிற வலி. உதிரப்போக்கு மட்டுப்படுவதற்கும் அதுவே வழி. தாய்க்குக் கிடைக்கும் முதல் பலன் அந்த வலியோடுதான் வருகிறது. மற்றவை மெல்ல வரும். 30 நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்து 2002இல் போட்ட கணக்குப்படி, பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 4.3 சதவீதம் குறைகிறது.

சித்திரை வெயிலில் ‘நாக்கு வறளுமே, தண்ணி கொடுக்கலாமா’ என்ற கேள்வி தவறாமல் வரும். தாய்ப்பாலில் 100க்கு 87 பங்கு தண்ணீர்தான். ஆறு மாதம்வரை வேறு எதுவும் வேண்டாம். தாகம் தாய்க்கு, செம்பை அவள் பக்கம் நகர்த்துங்கள்.

குடும்பத்துக்கு என்ன லாபம் என்று அப்பாமார் கேட்டால் டின் கணக்கே போதும். மூன்று மாதப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 100 கிராமுக்கு மேல் பவுடர் ஆகும். 400 கிராம் டின் நான்கு நாள் வராது. கட்டுப்படியாகாதபோது தண்ணீரைக் கூட்டிக் கலக்குவார்கள். வயிறு நிரம்பும், எடை ஏறாது. கூடவே, சரியாகக் கொதிக்கவைக்காத புட்டியால் வயிற்றுப்போக்கு.

தமிழக அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு 2021 முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு. நிறுவனங்களில் 26 வாரம். விடியுமுன் பூ எடுக்கப் போகிறவளுக்கும் சித்தாளுக்கும் அந்தக் கணக்கு எட்டாது. பீய்ச்சி வைத்துவிட்டுப் போவதுதான் அவர்களுக்கு வழி. மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணத்தைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுப் பிடிக்கலாம். 25 டிகிரி வரை நான்கு மணி நேரம் வெளியே கெடாமல் இருக்கும். மதுரைக் கோடையில் அதை நம்ப வேண்டாம், நேரே பிரிட்ஜில் வையுங்கள், நான்கு நாள் தாங்கும். அடுப்பில் சுடவைக்காமல், வெந்நீர்க் கிண்ணத்துக்குள் இறக்கி வைத்தால் போதும். வைத்த பாலில் கொழுப்பு மேலே ஆடை மாதிரி ஒதுங்கி நிற்கும். திரிந்துவிட்டது என்று அப்பத்தா கொட்டிவிடுவார். கிண்ணத்தை லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும் என்பதை வேலைக்குக் கிளம்புமுன் அவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.