கத்திரி, மூஞ்சிக்கல்லிலிருந்து

மே 4, சனி

கத்திரி ஆரம்பம். எனக்கு இங்கே கொடைக்கானலில் ஸ்வெட்டர். மகள் பாப்பாவுக்கு மதுரை வில்லாபுரத்தில் ஏசி வெறும் காற்று விடுகிறதாம். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது அவளுக்கு.

மே 5

மெக்கானிக் வந்து போயாச்சு. "கேஸ் போயிடுச்சு சார், 3,500 ஆகும்." கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டினானா என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். மாட்டவில்லையாம். கையை வைத்துப் பார்த்தே சொல்லிவிட்டானாம்.

கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர? மூடின குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ கசிகிறது. நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி, எங்கே குமிழி விடுகிறது என்று பார்க்க வேண்டும். பார்க்காமல் ஏற்றிவிட்டுப் போனால் அடுத்த கத்திரிக்கு அவனே வருவான், அதே 3,500-க்கு. இப்படி வருஷா வருஷம் வரும் வீடுகளை "பென்ஷன் வீடு" என்று மெக்கானிக்குகள் நாங்களே சொல்லிச் சிரித்திருக்கிறோம். அப்போது சிரிப்பாக இருந்தது.

மே 6

காலில் போட்ட கட்டுக்குள் அரிப்பு. ஸ்கேலை விட்டுச் சொறிந்ததைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டார். கஞ்சியோடு திட்டும் கிடைத்தது.

மே 7, செவ்வாய்

வெளியூர் வண்டிகளுக்கு இன்று முதல் இ-பாஸ். மேலே வருகிறவர்களுக்குத்தான் கணக்கு. கீழே இறங்க முடியாமல் கிடக்கிறவன் எதிலும் சேர்த்தியில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளையை அவுட்டோர் யூனிட் பக்கம் போனை நீட்டச் சொன்னேன். "மாமா, என்ன கேக்கணும்?" "நீங்க ஒண்ணும் கேக்க வேணாம் மாப்பிள்ளை, போனை மட்டும் பிடிங்க."

ஃபேன் ஓடுகிறது. அதற்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு முக்கல், சில நொடிதான். பிறகு 'டக்'. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முக்கல், மறுபடி டக். நான்கு தடவை கேட்டேன். கம்ப்ரஸர் கிளம்பப் பார்க்கிறது, முடியவில்லை, சூடு மிஞ்சினால் நிறுத்தும் ஓவர்லோடு சுவிட்ச் வெட்டுகிறது. கேஸ் குறைந்திருந்தால் கம்ப்ரஸர் ஓடும், வால்வு பக்கத்தில் மெல்லிய குழாயில் ஐஸ் கட்டும். "ஐஸ் இருக்கா?" "குழாய் சூடாத்தான் இருக்கு மாமா."

கெப்பாசிட்டர். கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் டப்பா. நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் படுத்துக்கொண்டு சொல்கிறேன், கெப்பாசிட்டர்.

மூடியைக் கழற்றுகிறேன் என்றார். கத்திவிட்டேன். மெயினை அணைத்தாலும் அது சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும், தொட்டால் தூக்கி அடிக்கும். இன்னொரு ஆளைப் பிடியுங்கள், மீட்டர் வைத்திருக்கிற ஆளை.

மே 8

ஆள் கிடைக்கவில்லை. கத்திரியில் எவன் சும்மா இருப்பான்.

பாப்பா ஈரத்துண்டை விரித்துப் படுக்கிறாளாம். இவள், என் வீட்டுக்காரி, கூட இருந்து விசிறிவிடுகிறாளாம். "நீங்க உடம்பைப் பாருங்க" என்று வைத்துவிட்டாள்.

மே 9

தூக்கமில்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மதுரையிலிருந்து 2,000 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்றால் 13 டிகிரி. கரண்டு இல்லாமல், கம்ப்ரஸர் இல்லாமல். 1845-ல் மதுரை வெயில் தாங்காத அமெரிக்க மிஷன்காரர்கள் பங்களா கட்டின மலை. அவர்கள் மதுரையை விட்டு ஓடிவந்தார்கள், நானும் ஓடிவந்தவன்தான். பாப்பாவை வெயிலிலேயே கட்டிக்கொடுத்துவிட்டு.

அந்த அவுட்டோரை மாட்டினது நான். 1.5 டன், பழசு, ஆர்-22 கேஸ். இரண்டு வீட்டுக்கு நடுவில் இருக்கும் சந்தில் மாட்டினேன். "வெயிலே படாத இடம்" என்று பெருமையாகக்கூடச் சொன்னேன். அங்கே வெயிலும் படாது, காற்றும் அசையாது. ஏசி குளிரைச் செய்கிற மெஷின் இல்லை, உள்ளே இருக்கும் சூட்டைத் தூக்கி வெளியே கொட்டுகிற கூலியாள். கொட்ட இடமில்லாவிட்டால்? எதிர்ச் சுவரில் மோதித் திரும்பும் சூட்டையே மறுபடி இழுக்கிறது. கெப்பாசிட்டரும் அந்தச் சூட்டில்தான் வெந்திருக்கும்.

மொட்டைமாடியில் வைத்திருக்கலாம். 3 மீட்டர் குழாய் கூடுதலாக வேண்டியிருந்தது.

மே 10

3 மீட்டர்.

மே 11, சனி

ஆள் வந்தான். மீட்டர் வைத்தான். 45 மைக்ரோஃபாராட் இருக்க வேண்டியது 28 காட்டியதாம், தலை உப்பியிருந்ததாம். மாற்றிவிட்டான். சர்வீஸையும் சேர்த்து 900.

"அப்பா, ஜில்லுனு வருதுப்பா."

அக்காவிடம் சொன்னேன். "அதென்ன பெரிய விஷயம், இங்க ஜன்னலைத் திறந்தா வருது" என்றார்.

மே 12

மாப்பிள்ளைக்கு இன்வெர்ட்டர் ஏசி, 5 ஸ்டார், ஆர்-32 ஆசை வந்திருக்கிறது. கடனில். வேண்டாம் என்று சொல்லவில்லை. அது அறை குளிர்ந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும், நம்முடையது மாதிரி நின்று நின்று கிளம்பாது, மீட்டர் மெதுவாகத்தான் சுற்றும். ஆனால் மேல்மாடி வீடு. தளம் பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி அறைக்குள் இறக்குகிறது. முதலில் மாடிக்கு வெள்ளை அடியுங்கள், கதவடி இடுக்கை அடையுங்கள், 18-ல் வைக்காமல் 26-ல் வைத்து ஃபேன் போடுங்கள் என்றேன். ஒரு டிகிரி ஏற்றினால் 6 சதவீதம் மிச்சம் என்று மின்சிக்கனத்தைப் பார்க்கும் மத்திய அரசு அமைப்பு பி.இ.இ.யே சொல்கிறது. "சரிங்க மாமா" என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். கஸ்டமர் சொல்லும் "சரிங்க".

இடத்தைப் பற்றிப் பேசவில்லை.

மே 14

மூடுபனி. எதிர்வீடு தெரியவில்லை.

மே 16

பழைய பெட்டியைத் துழாவினேன், என் வாக்குவம் கேஜ் கிடைத்தது. மலைக்கு வந்த புதிதில் ஒரு ஹோட்டல் ஃப்ரிட்ஜுக்கு வாக்குவம் போட்டு, அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றைப் பம்பால் இழுத்து, முள் 30-க்கு வராமல் 23-லேயே நிற்க, பம்பு கெட்டது என்று அரை நாள் பம்பைப் பிரித்துப் போட்டேன். பம்பில் ஒன்றுமில்லை. இந்த உயரத்தில் காற்றின் அழுத்தமே அவ்வளவுதான். இழுக்க அதற்கு மேல் இல்லை.

மே 18, சனி

மதியம் மூன்று மணிக்கு நின்றுவிட்டதாம். அரை மணி கழித்துத் தானாக ஓடியதாம். இன்றைக்கு மட்டும் இரண்டு தடவை. "புதுக் கெப்பாசிட்டரும் போச்சாப்பா?"

போகவில்லை. சந்து.

மே 19

இவளிடம் சொல்லிவிட்டேன். அவுட்டோரை மாட்டின அன்றைக்கு என்னிடம் குழாய் இல்லாமல் இல்லை. சுருளில் மீதி இருந்தது. அதை அடுத்த நாள் இன்னொரு வீட்டில் போட்டுக் காசு வாங்கினேன்.

"தெரியும்" என்றாள். "அந்தக் காசுலதான் எனக்கு மூக்குத்தி."

மே 20

மாப்பிள்ளை சந்துக்கு நேராகப் பெடஸ்டல் ஃபேன் வைத்துச் சூட்டைத் தெருப்பக்கம் தள்ளுகிறார். என் யோசனைதான். மதியம் நிற்காமல் ஓடியது. பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்திருக்கிறார், அவர் ஜன்னலுக்குள் போகிறதாம்.

மே 21

ஆஸ்பத்திரி ரூமிலிருந்து இவள். பின்னால் ஏசி இரைச்சல், ப்ளோவரில் தூசி அடைத்த சத்தம். "முதல்ல ஃபில்டரைக் கழுவச் சொல்லு" என்றேன்.

"குழந்தை அழுறது கேக்கலையா உங்களுக்கு?"

மே 22

2 கிலோ 900. பெண்.

கட்டுப் பிரிக்க 27-ந் தேதி. அரப்பாளையம் பஸ்ஸுக்குக் காலை மடக்க முடிகிறதா பார்க்க வேண்டும்.

மே 23

மாடியிலிருந்து அறைச் சுவர் வரை டேப் வைத்து அளக்கச் சொன்னேன். வளைவையும் சேர்த்து. "3 மீட்டர் 20 வருது மாமா" என்றார். இன்னொரு தடவை அளக்கச் சொன்னேன்.