மர ஃபர்னிச்சரைக் கப்பலில் அனுப்பிய கதை

வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தபோது கட்டில், சாப்பாட்டு மேசை, நாற்காலிகள், ஒரு பழைய ஈட்டி மர அலமாரி எல்லாவற்றையும் கப்பலில் அனுப்பினோம். வரி எவ்வளவு வரும் என்பதுதான் எனக்கிருந்த ஒரே கவலை. கிளியரிங் ஏஜென்டோ வரியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "ஒவ்வொண்ணும் என்ன மரம்னு சொல்லுங்க" என்றுதான் ஆரம்பித்தார்.

தேக்கு என்றதும் பேசாமல் எழுதிக்கொண்டவர், ஈட்டி என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஈட்டியும் அடங்கிய டால்பெர்ஜியா பேரின மரங்கள் எல்லாம் 2017 ஜனவரி 2 முதல், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலுக்குள் வந்துவிட்டன. செய்து முடித்த பொருளாக இருந்தாலும், ஒரு ஷிப்மென்டில் அந்த மரம் 10 கிலோவுக்குள் இருந்தால்தான் விலக்கு. அதுவும் 2019-இல் கொண்டுவந்த திருத்தம். எங்கள் அலமாரியின் கதவுகளே அதைத் தாண்டிவிடும். வீட்டுப் பொருட்களுக்குத் தனிச் சலுகை உண்டு என்றாலும் எல்லா நாடும் அதை ஒரே மாதிரி ஏற்பதில்லை. அதனால் 2017-இன் அந்தத் தேதிக்கு முன்பே இருந்த பொருள் என்று சான்றிதழ் வாங்குவதுதான் வழி என்றார் ஏஜென்ட்.

அலமாரிக்குப் பில் எங்கே இருக்கிறது? கடைசியில் கைகொடுத்தது ஒரு கல்யாண போட்டோ. மணமக்களுக்குப் பின்னால் அலமாரி முழுசாகத் தெரிகிறது, ஓரத்தில் தேதியும் அச்சாகியிருந்தது. அதோடு உறுதிமொழிக் கடிதம், அளவுகள், மரத்தின் அறிவியல் பெயர் எல்லாம் சேர்த்து விண்ணப்பித்தோம். மொத்த வேலையிலும் அதிக நாள் இழுத்தது இதுதான். இந்தத் தாள் பொருள் கிளம்பும் முன்பே கையில் இருக்க வேண்டும். கப்பல் போன பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை. சில நாடுகள் தங்கள் பக்க இறக்குமதி அனுமதியையும் தனியாகக் கேட்கும்.

அடுத்தது பூச்சி. பேக்கிங்குக்குப் போடும் மரப்பெட்டி, பலகைக்கு ஐஎஸ்பிஎம் 15 என்ற பன்னாட்டு விதி இருக்கிறது. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கி, கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை குத்தியிருக்க வேண்டும். வெப்பத்தில் பதப்படுத்தியது என்றால் முத்திரையில் எச்டி என்றிருக்கும். பிளைவுட்டுக்கு இது வேண்டாம். பேக்கிங் ஆட்கள் முத்திரை இல்லாத பழைய பலகை ஒன்றை முட்டுக்கொடுக்க எடுத்தார்கள். நல்லவேளை, பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

நாம் அனுப்பும் ஃபர்னிச்சருக்கு அந்த விதி பொருந்தாது. அதற்காக விட்டுவிடவும் மாட்டார்கள். ஒரு நாற்காலிக் காலில் ஊசித் துளைகள் இருந்தன. தட்டிப் பார்த்தோம், உளுத்த மாவு கொட்டவில்லை. பழைய துளைதான். ஆனால் அதை அங்கே இருக்கும் அதிகாரி நம்ப வேண்டுமே! இங்கேயே ஃபியூமிகேஷன் (பூச்சியைக் கொல்லும் புகையூட்டல்) செய்து சான்றிதழ் வாங்கிவிட்டோம். இறங்கிய இடத்தில் செய்யச் சொன்னால் கிடங்கு வாடகையும் சேர்ந்து ஏறும்.

இத்தனைக்கும் பிறகு வந்த வரி விஷயம் சப்பென்று முடிந்தது. குடிபெயர்பவர் ஏற்கெனவே பயன்படுத்திய வீட்டுப் பொருட்களுக்குப் பல நாடுகள் வரி கேட்பதில்லை. எவ்வளவு காலம் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பதுதான் மாறும்: அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஓராண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆறு மாதம். எங்கள் சாப்பாட்டு மேசை புதிது என்பதால் அதை மட்டும் தனியாகக் காட்டினோம். மேசை, கட்டில், அலமாரி எல்லாம் சுங்கத்துறையின் பொருள் வகைப் பட்டியலில் 9403 என்ற தலைப்பில் வரும், நாற்காலி 9401. பல நாடுகள் பொருளின் விலையோடு கப்பல் கட்டணம், இன்சூரன்ஸ் சேர்த்து அதன் மேல்தான் வரி போடும். அமெரிக்கா அந்த இரண்டையும் சேர்ப்பதில்லை.

எனக்கு எரிச்சல் வந்தது வரியில் இல்லை, இறங்கிய துறைமுகத்து பில்லில். மற்றவர்கள் சரக்கோடு கன்டெய்னரைப் பகிர்ந்து அனுப்பினால் கப்பல் கட்டணம் மலிவாகத் தெரியும். அப்புறம் பிரித்தெடுக்கும் கூலி, ஆவணக் கட்டணம், கிடங்கு என்று அந்தப் பக்கம் தனியாக ஒரு பட்டியல் நீட்டுவார்கள். கொட்டேஷன் வாங்கும்போதே இரண்டு முனைக் கட்டணங்களையும், எத்தனை நாள் இலவசமாக வைத்திருப்பார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.