மைப்படி பழகல்: பதினொரு தாள்களின் பதிவு

ஈராண்டுகளாகத் தொல்லியல் பொழிவுகளுக்குத் தவறாமல் சென்று வந்திருக்கிறேன். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரியின் காலம் பொ.ஆ.மு. 580 எனக் கணிக்கப்பட்டதும், அசோகரின் கல்வெட்டில் வரும் 'ஸதியபுதோ' யார் என்ற நெடுநாள் வினாவுக்கு 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி' என்ற ஜம்பைக் கல்வெட்டு, அது அதியமான்களே என்று விடை தந்ததும் எனக்கு மனப்பாடம். ஆனால் ஒரு கோயிலின் கல்வெட்டு பொறித்த அடித்தளமான அதிட்டானத்தின் முன்னே நின்றால் என்னால் ஒரு வரியைக்கூடப் படிக்க முடிந்ததில்லை. சென்ற ஆண்டு பானை ஓடுகளிலும் மைப்படியிலும் (கல்லெழுத்தைத் தாளில் மையொற்றிப் படியெடுப்பது) ஒரு நாள் செய்முறைப் பயிற்சி நடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனதற்கு அந்த ஏக்கமே காரணம்.

முற்பகலில் பானை ஓடுகளைக் கையில் தந்தார்கள். கருப்பு சிவப்புப் பானையின் உட்புறம் கருத்தும் வெளிப்புறம் சிவந்தும் இருப்பது சூளையில் அதை வாய் கவிழ்த்து வைத்ததால், அதாவது உள்ளே காற்றுப் புகாமல் போனதால் என்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். உடைந்த விளிம்பில் அந்த இரு நிறங்களும் சந்திக்கும் கோட்டை விரலால் தடவியபோதுதான் அது எனக்கு உண்மையாகப் புரிந்தது. வளையம் வளையமாகக் கோடிட்ட தாளில் விளிம்போட்டை நிறுத்தி, அது எந்த வளையத்தோடு பொருந்துகிறது என்று பார்த்துப் பானையின் வாய் அகலத்தைக் கண்டுபிடிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். அதை நான் வீட்டில் தொடரவில்லை. ஓடுகள் கிடக்கும் மேட்டிலிருந்து எதையும் எடுத்து வரக் கூடாது. கிடந்த இடத்தை விட்டு நகர்ந்த ஓடு தன் சாட்சியத்தில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது.

பிற்பகலில் மைப்படி. பயிற்சிக்கென்றே சிற்பி ஒருவர் பழைய எழுத்தில் வெட்டித் தந்த கருங்கல் பலகை அது. கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன் மேல் விரித்து, அடர்ந்த மயிர்த் தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தட்டிக்கொண்டே போனால் தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்குகிறது. பிறகு விளக்குக் கரியும் பசையும் கலந்த மையை, பஞ்சு பொதிந்த துணிப் பந்தால் மேலே மெல்ல ஒற்ற வேண்டும். மேடெல்லாம் கருப்பாகிப் பள்ளம் மட்டும் வெள்ளையாக நிற்கும். மை தாளின் மேற்புறத்தில் படுவதால் எழுத்து இடம் வலம் மாறாமல் நேராகவே படிக்கக் கிடைக்கிறது.

முதல் தாள் வீணானது. ஈரம் அடங்குமுன் ஒற்றியதால் மை பள்ளத்துக்குள் ஓடி எழுத்துகளை நிரப்பிவிட்டது. இரண்டாம் தாளில் அளவுக்கு மீறிக் காத்திருந்ததால் தாள் உலர்ந்து, ஓரம் கல்லை விட்டு எழும்பிவிட்டது. தாளின் பளபளப்பு மறைந்து, புறங்கையை வைத்தால் குளிர்ச்சி மட்டும் தெரிந்து விரலில் ஈரம் ஒட்டாத அந்தச் சிறு இடைவேளைதான் மை ஒற்றும் நேரம். இதை எந்தப் பொழிவிலும் நான் கேட்டதில்லை. சொல்லியிருந்தாலும் என் காதில் நின்றிருக்காது.

மூன்றாம் தாள் படிக்கக் கிடைத்தது. அதைத் தரையில் விரித்துப் படித்த ஒரு மணி நேரத்தை அந்த நாளின் பெரும் பேறாகக் கருதுகிறேன். கல்லெழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி பெரும்பாலும் இருப்பதில்லை. எகர ஏகார வேறுபாட்டைக் காட்டும் இரட்டைக்கொம்பு பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம். துணைக்காலும் (ா) ரகரமும் பார்வைக்கு ஒன்றே. ஆகவே 'கொடுத்தேன்' என்பது கல்லில் 'கெரடுததென' என்று தோன்றுகிறது. பொருள் தெரிந்தால்தான் எழுத்தைப் பிரிக்க முடியும். எழுத்தைப் பிரித்தால்தான் பொருள் தெரியும். கண் இரண்டுக்கும் இடையில் போய்ப் போய் வருகிறது.

நான் திணறிய இடம் ஒரு விளக்குக் கொடை. 'சாவா மூவாப் பேராடு' என்பது வரை வந்துவிட்டேன். அடுத்து 'கூயசு' என்று மூன்று எழுத்துகள் நின்றன. அப்படி ஒரு சொல்லை நான் அறியேன். கால்மணி நேரம் கழித்தே அவை எழுத்துகள் அல்ல, ௯௰௬ என்ற எண்கள் என்று பிடிபட்டது: ஒன்பது, பத்து, ஆறு; தொண்ணூற்றாறு ஆடுகள். நொந்தா விளக்கு ஒன்றை எந்நாளும் எரிக்க நெய் தரும் மந்தை அது. இறப்பதும் பிறப்பதும் ஈடாகி எண்ணிக்கை குறையாமல் நிற்பதால் அவை சாவாத, மூப்படையாத ஆடுகள். ஒரு கணக்குக் குறிப்பில் இவ்வளவு அழகான சொற்றொடரை வைத்தவர்களை எண்ணி அன்று இரவு நெடுநேரம் விழித்திருந்தேன்.

அதன் பின்னுள்ள தாள்கள் எல்லாம் வீட்டில் எடுத்தவை. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் உரிய அனுமதி இல்லாமல் படி எடுக்கக் கூடாது. அதற்கென 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1966ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமும் இருக்கின்றன. பழகாத கையால் ஒரு பழைய கல்லில் மை சிந்துவதை நினைத்துப் பார்க்கவும் என்னால் முடியவில்லை. எங்கள் கொல்லைக் கிணற்றின் கைப்பிடிச் சுவரில், தாத்தா காலத்தில் பதித்த பெயர்க்கல் ஒன்று இருக்கிறது. அதையே பயிற்சிக் கல்லாக்கிக்கொண்டேன்.

செங்குத்தான கல்லில் வேலை செய்வது வேறு பாடம். நான்காம் தாள் காற்றில் கிழிந்தது. ஐந்தாவதைத் தட்டும்போது கிழித்தது நான். ஆறு முதல் எட்டு வரை ஒற்றும் துணிப் பந்தில் மை மிகுதி. முதலில் பழைய செய்தித்தாளில் இரண்டு முறை ஒற்றி மிகுதியைப் போக்கிவிட்டுத் தொடங்கினால் கருப்பு சீராகப் படிகிறது என்பதை ஒன்பதாம் தாளில் கற்றேன்.

அந்த ஒன்பதாம் தாளில்தான் ஆண்டு துலங்கியது. கிணறு வெட்டியது 1933 என்றே வீட்டில் அனைவரும் படித்து வந்தோம். அத்தை மட்டும், "அண்ணன் பொறந்த வருசம் வெட்டின கெணறுடா அது" என்பார். அப்பா பிறந்தது 1938. படியில் கடைசி இலக்கத்தின் இடப்பக்கம் நூலிழைபோல மங்கலான இரண்டு வெள்ளை வளைவுகள் தெரிந்தன. சிராய்ப்பாக இருக்கலாம் என்று ஐயுற்று, பத்தாம், பதினோராம் தாள்களை எடுத்தேன். கல் பெயர்ந்த இடமாயின் ஓரம் பிசிறடித்திருக்கும். இவையோ மற்ற இலக்கங்களின் கோட்டைப் போலவே சீரான அகலத்தில் வளைந்து மூடுகின்றன. அது 8. முன் நிற்கும் மூன்றின் இடப்பக்கத்தில் அத்தகைய தடம் எதுவும் இல்லை. தேய்ந்த பள்ளத்தைக் கண் தவறவிட்டது, தாள் விடவில்லை.

அருகிலுள்ள கோயில் ஒன்றின் தூண் கல்வெட்டைப் பயிற்சி பெற்றவர்களோடு சேர்ந்து படி எடுக்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம், பதில் வரவில்லை. அதுவரை பழைய மைப்படிகளின் ஒளிப்படங்களை நாளுக்கு ஐந்து வரி வீதம் படித்து வருகிறேன். பதினோராம் தாளின் பின்புறம் இடம், திசை, வரிகளின் எண்ணிக்கை, எடுத்த நாள் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிச் சுருட்டி வைத்துவிட்டேன். பத்தாம் தாள் அத்தையிடம் இருக்கிறது.