மூன்று நிமிடத் தாமதம்

ஒரு மருத்துவமனையின் தீ அலாரம் பேனலின் ஹிஸ்டரியில் இருந்த அந்த மூன்று வரிகள் இன்னும் என்னை விடவில்லை. இரவு 2:41:07க்கு மூன்றாம் மாடி பேன்ட்ரி டிடெக்டரில் ப்ரீ-அலாரம், அதாவது ஹூட்டருக்கு முன் பேனலில் மட்டும் வரும் எச்சரிக்கை. 2:41:12க்கு அக்னாலெட்ஜ், பார்த்துவிட்டேன் என்று அமுக்கும் பட்டன். 2:41:31க்கு ரீசெட். அக்னாலெட்ஜுக்கும் ரீசெட்டுக்கும் நடுவில் 19 விநாடி. பேனல் இருப்பது தரைத்தளத்தில். லிஃப்ட் தயாராக நின்றிருந்தாலும் 19 விநாடியில் மூன்றாம் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது. யாரும் மேலே போகவில்லை.

ஹூட்டர் அடிப்பதற்கு முன் போய்ப் பார்க்க விடும் தாமதத்தை ப்ரோக்ராம் செய்தவன் நான்தான். அதைத் தவறு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். அதற்கு முன் அந்த மருத்துவமனையில் ஸ்டெரிலைசர் நீராவி பட்டாலும் கொசுமருந்துப் புகை அடித்தாலும் மாடி முழுக்க ஹூட்டர் அலறும். தையல் பிரிக்காத நோயாளி பயந்து எழுந்து உட்கார்ந்துவிடுவார். வார்டு டிடெக்டர்களை டிசேபிள் செய்துவிடுங்கள் என்று நிர்வாகம் கேட்டது. மறுத்துவிட்டேன். வேறோர் இடத்தில் ஒரு லூப், அதாவது ஒரே வயரில் கோத்த டிடெக்டர்கள் முழுவதும் டிசேபிளில் கிடந்ததைப் பார்த்தவன் நான். பேனலில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, அதை ஏன் என்று கேட்க ஆளில்லை.

அதனால் தீ அலாரத்துக்கான அமெரிக்க விதித்தொகுப்பான என்.எஃப்.பி.ஏ. 72 அனுமதிக்கும் வரிசையைப் போட்டேன். டிடெக்டர் புகையைக் கண்டதும் பேனலில் மட்டும் பஸ்ஸர். 15 விநாடிக்குள் யாரும் அக்னாலெட்ஜ் செய்யாவிட்டால் ஹூட்டர் அடித்துவிடும். செய்தால், போய்ப் பார்க்க 180 விநாடி. அதற்குள் ரீசெட் ஆகாவிட்டாலும், இடையில் இன்னொரு டிடெக்டர் புகையைக் கண்டாலும் முழு அலாரம். கண்ணாடியை உடைக்கும் எம்.சி.பி.க்குத் தாமதமே கிடையாது. ஏ.சி. காற்றை மாடிகளுக்குத் தள்ளும் ஏ.ஹெச்.யூ. நிற்பதற்கும் தாமதம் வைக்கவில்லை. அதில் நான் இறங்கிவரவே இல்லை. 2011 டிசம்பரில் கொல்கத்தா மருத்துவமனை ஒன்றில் அடித்தளத்தில் பிடித்த தீயின் புகை மேல்மாடிகளுக்கு ஏறி, படுக்கையில் இருந்தவர்களைக் கொன்றது. ஏறத்தாழ 90 பேர். வார்டு வேலை என்றாலே எனக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வரும்.

ஹூட்டர் சர்க்யூட் ஒவ்வொன்றிலும் கடைசி ரெசிஸ்டரைக் கழற்றி, பேனல் ‘ஓப்பன்’ காட்டுகிறதா என்று பார்த்தேன். ஷார்ட் செய்தும் பார்த்தேன். எல்லாம் சரியாகக் காட்டியது. அந்தக் கட்டடத்தில் வயர் எங்கே அறுந்தாலும் பேனல் சொல்லிவிடும். பார்க்கப் போக வேண்டிய ஆள் போனாரா என்பதை மட்டும் அதனால் சொல்ல முடியாது. பட்டன் அமுங்கிய நேரம்தான் அதற்குத் தெரியும்.

ஹிஸ்டரியைப் பார்த்த பிறகு இரவு செக்யூரிட்டியிடம் பேசினேன். என்னைவிட வயதில் மூத்தவர். “அண்ணே, அன்னைக்கு மேல போய்ப் பார்த்தீங்களா?” என்று கேட்டேன்.

“இல்லைங்க சார். ராத்திரி கீழ நான் ஒருத்தன்தானுங்க. ஆம்புலன்ஸ் வந்தா ஸ்ட்ரெச்சர் தள்ளுறதும் நான்தான். நான் மேல போயிட்டா இங்க ஆருங்க இருப்பாங்க? அதான் ரீசெட் பண்ணிப் பார்க்கறனுங்க. நெசமாவே புகைன்னா அது மறுக்கா கத்துமில்லைங்க?”

“கத்தும்” என்றேன்.

அது உண்மைதான். ரீசெட்டுக்குப் பிறகும் புகை இருந்தால் டிடெக்டர் மறுபடி காட்டும். ஆனால் ஒவ்வொரு ரீசெட்டுக்கும் 15 விநாடியும் 180 விநாடியும் முதலிலிருந்து தொடங்கும். அவர் அமுக்கிக்கொண்டே இருந்தால், இரண்டாவது டிடெக்டருக்குப் புகை எட்டும்வரை ஹூட்டர் அடிக்காமலே போகலாம். இதையும் அவருக்கு விளக்கினேன், தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் முதலில் கேட்டாரே, இங்கே யார் இருப்பார்கள் என்று, அதற்கு நான் பதில் சொல்லவில்லை. சிஸ்டத்தைச் சோதித்து ஓடவிட்ட கமிஷனிங் சமயத்தில், இரவில் இரண்டு பேர் இருப்பார்கள் என்று என்னிடம் சொன்னார்கள். அதை நம்பித்தான் 180 போட்டேன். நம்பாமல் வேறென்ன செய்திருக்க முடியும்? இரவில் வந்து ஆள் எண்ணியிருக்கலாமோ என்றும் தோன்றுகிறது. அது என் வேலையா என்றும் தோன்றுகிறது.

எங்கள் சீனியர் ஒருவரிடம் சொன்னேன். “காஸ் அண்ட் எஃபெக்ட் சார்ட்ல கையெழுத்து வாங்கிட்டல்ல, அப்புறம் என்ன?” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எது நடந்தால் எது இயங்க வேண்டும் என்று கட்டம் போட்டுக் காட்டும் அந்தச் சார்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். டிடெக்டர், தாமதம், ஹூட்டர், ஏ.ஹெச்.யூ., லிஃப்ட், கதவு, எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. யார் போய்ப் பார்ப்பது என்பதற்கு இல்லை.

பேன்ட்ரியில் புகை டிடெக்டரை எடுத்துவிட்டு ஹீட் டிடெக்டர் மாட்டினோம். அது சுலபம். கீழே பேனல் காட்டுவதை அங்கேயே காட்டும் ரிப்பீட்டர் பேனல் ஒன்றை மூன்றாம் மாடி நர்ஸ் ஸ்டேஷனில் வைக்கக் கேட்டதற்கு, அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்றார்கள். 180ஐ 60 ஆக்கலாமா என்று யோசித்தேன். 60 விநாடியில் யாராலும் போய்ப் பார்க்க முடியாது. பழையபடி ஹூட்டர் அடிக்கும், பழையபடி டிசேபிள் செய்யச் சொல்வார்கள்.

கடைசியில் ரீசெட் செய்யத் தேவையான கோட் நம்பரை அந்தந்த மாடி டியூட்டி நர்ஸிடம் கொடுத்தோம். செக்யூரிட்டி அக்னாலெட்ஜ் செய்துவிட்டு மாடிக்கு ஃபோன் செய்வார். நர்ஸ் போய்ப் பார்த்துவிட்டு அந்த நம்பரைச் சொன்னால்தான் அவரால் ரீசெட் செய்ய முடியும். எந்த அறைக்கும் நர்ஸ்தான் பக்கம். ஆனால் இரவில் நர்ஸுக்கும் கை ஓய்வதில்லை.

“ஃபோன் எடுக்கலைன்னா விட்டுருங்கண்ணே, அடிக்கட்டும்” என்று செக்யூரிட்டியிடம் சொன்னேன்.

“அடிச்சா என்னையத்தானுங்க கேப்பாங்க” என்றார்.

கேட்டால் என் நம்பரைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஹூட்டர் அடித்ததற்காக அவரைக் கேள்வி கேட்கக் கூடாது என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.