சிடிபிகே1-ஐ எடுத்துக்கொண்டு வைவாவில் மாட்டிக்கொண்ட கதை

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு மலேரியா ஒட்டுண்ணியின் கைனேஸ் (மற்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதி) ஒன்றை எடுக்கலாமா என்று ஜூனியர்கள் கேட்பதுண்டு. முதல் கேள்வி எந்தக் கைனேஸ், அடுத்தது எந்த சாஃப்ட்வேர். நானும் இதே வரிசையில்தான் போனேன், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டினேன்.

நான் எடுத்தது சிடிபிகே1. கால்சியம் வந்து ஒட்டினால் வேலையைத் தொடங்கும் கைனேஸ். இந்தக் குடும்பம் செடிகளில் உண்டு, மலேரியா ஒட்டுண்ணியில் உண்டு, மனிதனில் கிடையாது. மருந்துக்கு இதைவிட வசதியான இலக்கு வேறென்ன வேண்டும்? அதில் ஏடிபி (செல்லின் எரிபொருள் மூலக்கூறு) உட்காரும் குழியில் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு மூலக்கூறாகப் பொருத்தி (இதுதான் டாக்கிங்), ஸ்கோர் வாரியாக அடுக்கி, கலர் கலராகப் படம் போட்டு தீசிஸை பைண்ட் பண்ணிவிட்டேன்.

எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) படங்களைப் பொறுமையாகப் புரட்டினார். "சரிம்மா, இந்த மருந்தைப் போட்டு ஒட்டுண்ணி செத்துப்போச்சுன்னே வச்சுக்குவோம். சிடிபிகே1-ஐத் தடுத்ததாலதான் செத்துச்சுன்னு எப்படிச் சொல்வே?"

"டாக்கிங் ஸ்கோர் நல்லா வந்திருக்கு சார்" என்றேன். என் கைடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதிலைப் பிறகுதான் படித்தேன். அது பக்கத்துக் கைனேஸான பிகேஜியின் கதையில் இருக்கிறது. ஏடிபி குழியின் வாசலில் கேட்கீப்பர் என்று ஒரு அமினோ அமிலம் நிற்கும். மனிதக் கைனேஸ்கள் பலவற்றில் அது பருமனானது. உள்ளே இருக்கும் சின்ன அறையை அடைத்துக்கொண்டு நிற்கும். பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்தின் பிகேஜியில் 618ஆம் இடத்தில் இருப்பதோ சின்னத் திரியோனின். அந்த இடுக்கில் நுழையும் மருந்து ஒட்டுண்ணியைப் பிடிக்கும், மனிதக் கைனேஸ்களைப் பெரும்பாலும் விட்டுவிடும். (இந்த மருந்து வகை முதலில் கோழிகளுக்காகத் தேடியது. நாமக்கல் பண்ணைக்காரர்கள் ரத்தக் கழிச்சல் என்று சொல்லும் நோயைத் தரும் ஐமீரியாவும் மலேரியா ஒட்டுண்ணியின் சொந்தக்காரன்தான்.) இப்போது அந்தத் திரியோனினை மட்டும் பெரிய குளூட்டமினாக மாற்றிய ஒட்டுண்ணியை வளர்த்து, அதே மருந்தைப் போடுங்கள். சாதாரண ஒட்டுண்ணி நின்றுபோய், மாற்றியது பிழைத்துக்கொண்டால், மருந்து அடித்தது பிகேஜியைத்தான். எக்ஸ்டர்னல் எதிர்பார்த்தது இந்த ஒரு பரிசோதனையைத்தான்.

என் சிடிபிகே1 விஷயத்தில் இந்தக் கேள்வி ஏன் அவ்வளவு கூர்மையானது என்பது அதற்கப்புறம் விளங்கியது. அந்தக் கைனேஸுக்காகவே வடிவமைத்த இமிடசோபிரிடசின் வகை மருந்துகளைத் தோண்டிப் பார்த்தபோது, ஒரு பகுதி பிகேஜியைத் தடுத்துத்தான் ஒட்டுண்ணியைக் கொல்கிறது, இன்னொரு பகுதி ஹெச்எஸ்பி90 என்ற வேறொரு புரதத்தைத் தொடுகிறது என்று 2016இல் வெளியாகிவிட்டது. போதாததற்கு 2018இல் சிடிபிகே1 மரபணுவையே நீக்கிய ஒட்டுண்ணியை வளர்த்துக் காட்டினார்கள். ரத்தத்தில் அது மெதுவாக என்றாலும் வளர்கிறது. கொசுவுக்குள்தான் தொற்ற முடியாமல் போகிறது. ஆக, நோயாளியின் காய்ச்சலைத் தணிப்பதற்கு என்று நான் எழுதிய முன்னுரை முழுக்கத் தப்பு. பரவலைத் தடுக்கும் இலக்கு என்று எழுதியிருந்தால் தப்பித்திருப்பேன்.

அதனால் கைனேஸைத் தேர்ந்தெடுக்கும் முன்பு, அது ஒட்டுண்ணியின் எந்த மணி நேரத்தில், எந்த வேலைக்கு வேண்டியிருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். ஃபால்சிபாரம் சிவப்பணுவுக்குள் சுமார் 48 மணி நேரம் இருக்கிறது. பிகேஜி கடைசியில், அணுவை உடைத்து வெளியேறும்போது தேவை. சிடிபிகே4 கொசுவின் வயிற்றில் ஆண் பாலணு உருவாக வேண்டும். சிஎல்கே3 ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும் வேலையோடு சேர்ந்தது. அதைத் தடுக்கும் மூலக்கூறு கல்லீரல், ரத்தம், பாலணு என எல்லா நிலையிலும் வேலை செய்வதாக 2019இல் வந்த கட்டுரையை முழுசாகப் படியுங்கள். நான் இன்று ப்ராஜெக்ட் எடுத்தால் அதைத்தான் எடுப்பேன்.

நான் செய்த இன்னொரு சொதப்பல்: இரண்டு கட்டுரைகளின் ஐசி50 (கைனேஸின் வேலையைப் பாதியாகக் குறைக்கத் தேவையான மருந்தளவு) எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் டேபிளில் போட்டு, இது அதைவிடப் பத்து மடங்கு வீரியம் என்று எழுதியது. இவை ஏடிபியோடு இடத்துக்குப் போட்டி போடும் மருந்துகள், ஏடிபி கூடினால் ஐசி50-உம் கூடும். ஒருவர் பத்து மைக்ரோமோலார் ஏடிபி வைத்து அளந்திருப்பார், இன்னொருவர் நூறு. செல்லுக்குள் இருப்பதோ மில்லிமோலார் கணக்கில். ஏடிபி அளவைக் குறிப்பிடாமல் ஐசி50 எழுதாதீர்கள்.

ஃபால்சிபாரத்தில் எத்தனை கைனேஸ் என்று கேட்டால் தடுமாற வேண்டாம். வழக்கமான அமைப்புள்ளவை 65 என்று 2004இல் எண்ணினார்கள். வழக்கத்துக்கு மாறான ஃபிக் (FIKK) குடும்பத்தின் இருபதைச் சேர்த்தால் 85. எங்கே கோடு போடுகிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். மனிதனுக்கு 518.

பிறகு ஜேஆர்எஃப்பாக (இளநிலை ஆய்வாளராக) சேர்ந்த இடத்தில் கேட்கீப்பர் மாற்றிய ஒட்டுண்ணி இருந்தது. கல்ச்சருக்குக் காலை பத்து மணிக்கு சார்பிட்டால் போட்டு வயதை ஒருசேர ஆக்கினேன். வெடிக்கும் நேரத்தை யோசிக்கவில்லை. மறுநாள் ராத்திரி இரண்டு மணிக்கு வந்து ஸ்மியர் எடுக்க வேண்டியதாயிற்று. (நீங்கள் சாயங்காலம் போடுங்கள்.) ஜீம்சா சாயத்தில் ஊறவைத்து, கழுவி, எண்ணெய் விட்டு நூறு லென்ஸில் பார்த்தேன். மருந்தில்லாத பிளாஸ்கில் எங்கும் புது ரிங்குகள் (அணுவுக்குள் அப்போதுதான் நுழைந்த இளம் ஒட்டுண்ணிகள்). சாதாரண ஒட்டுண்ணிக்கு பிகேஜி மருந்து போட்டதில் ஒரு ரிங்கூட இல்லை. நடுவில் பழுப்பு நிறமியை வைத்துச் சுற்றிலும் ஊதாப் புள்ளிகள் நெருக்கியடித்த சைசான்ட்கள் (வெளியேறத் தயாரான முதிர்ந்த ஒட்டுண்ணிகள்), உடைய வேண்டிய நேரம் தாண்டியும் உடையாமல் அப்படியே நின்றன. மூன்றாவது ஸ்லைடு, மருந்து போட்ட மாற்று ஒட்டுண்ணி. அதில் ரிங்குகள் இருந்தன.