அஞ்சுக்கு ரெண்டுதானே மிஸ்?

ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க ஆரம்பித்த புதிதில், 1/2 + 1/3 = 2/5 என்று யாராவது எழுதியிருந்தால் யோசிக்கவே மாட்டேன். சிவப்பு மையில் ஒரு அடி, பக்கத்தில் ‘மீ.சி.ம. எங்கே?’ (மீச்சிறு பொது மடங்கு, அதாவது கீழே உள்ள எண்கள் எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும் மிகச் சிறிய எண்.) அவ்வளவுதான். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிடும் இந்தத் தப்பு வருடம் தவறாமல் வரும்.

ஒருநாள் நோட்டை வாங்கிய ஒரு மாணவி இடத்தைவிட்டு நகரவில்லை. “முதல் டெஸ்ட்ல ரெண்டு கேள்வி, ஒண்ணு சரி. அடுத்த டெஸ்ட்ல மூணு கேள்வி, ஒண்ணு சரி. மொத்தம் அஞ்சுக்கு ரெண்டுதானே மிஸ்?”

எனக்குப் பதில் வரவில்லை. அவள் சொன்னது சரிதானே! ஆனால் அது நான் கேட்ட கணக்கு இல்லை. அவள் கணக்கில் முழுசு இரண்டு: ஒன்றில் 2 கேள்வி, இன்னொன்றில் 3. பின்னம் கூட்டும்போது இரண்டுக்கும் முழுசு ஒன்றேதான். இத்தனை நாளில் இதை நான் வகுப்பில் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

சரி என்று 6 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு காகிதத் துண்டை வெட்டினேன். பாதி எவ்வளவு? 3. மூன்றில் ஒரு பங்கு? 2. சேர்த்தால் 5. “ஆறுல அஞ்சு” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “2/5 அரையைவிடச் சின்னது. அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா எப்படிக் குறையும்?” என்று அவளே கேட்டுக்கொண்டாள். நான் கேட்க வைத்திருந்த கேள்வி அது.

அரையும் காலும் எவ்வளவு என்று கேட்டால் மீ.சி.ம. தெரியாத பிள்ளையும் முக்கால் என்று சொல்லிவிடும். முக்கால் என்றால் மூன்று கால். அரையை இரண்டு காலாக மாற்றும் வேலை அந்தச் சொல்லுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது! இப்போதெல்லாம் பாடத்தை அங்கிருந்துதான் தொடங்குகிறேன். மீ.சி.ம. அப்புறம் வரும்.

ஒன்றின் மேல் எண்ணை மற்றதன் கீழ் எண்ணால் பெருக்கிக் கூட்டும் குறுக்குப் பெருக்கலை மட்டும் முதலில் சொல்லித் தருவதில்லை. விடை வரும்தான். ஆனால் 1/2 + 1/3 + 1/4 என்று மூன்றைக் கொடுத்தால் எதை எதோடு குறுக்கே பெருக்குவது என்று விழிப்பார்கள். எல்லாவற்றையும் பன்னிரண்டில் இத்தனை பங்கு என்று மாற்றத் தெரிந்தவர்களுக்கு 6, 4, 3, மொத்தம் 13/12. 24 என்று எடுத்து 26/24 எழுதினாலும் நான் மார்க் குறைப்பதில்லை. சுருக்கச் சொல்வேன், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அதே மாணவியின் நோட்டில் 3/4 + 1/6. முதலில் 4/10 என்று எழுதி அவளே அடித்திருந்தாள். ஓரத்தில் பென்சிலில் ‘முக்காலைவிடக் கம்மி’. கீழே 9/12 + 2/12 = 11/12.