ஒம்பது கிலோ புள்ளைக்கு ஆம்பள ஹார்மோனா?

மவனுக்கு மூத்திர ஓட்டை நுனியில இல்லாம கொஞ்சம் கீழ தள்ளி இருக்குன்னு பொறந்த அன்னைக்கே நர்ஸ் மிஸி பாத்து சொல்லிட்டாங்க. ஹைப்போஸ்பேடியாஸ்னு பேரு, 200, 300 ஆம்பளப் புள்ளைங்கள்ல ஒருத்தருக்கு வர்றதுதானாம். 6 மாசத்துலேருந்து 18 மாசத்துக்குள்ள ஆப்பரேஷன், அதுவரைக்கும் சுன்னத் மட்டும் பண்ணிடாதீங்கன்னு டாக்டர் கண்டிப்பா சொன்னாரு, ஏன்னா அந்தத் தோலை எடுத்துதான் உள்ள தைக்கிற குழாய்க்கு மேல ஒட்டுப் போடணும். இத மாமிக்கு புரிய வைக்க நான் பட்ட பாடு இருக்கே, பினாங்குல ஆயர் ஈத்தாம்லேருந்து ஜார்ஜ்டவுன் வரைக்கும் காருல "வெட்டிப் போடுற தோலுதானே"ன்னு ஒரே பேச்சு.

பத்தாவது மாசம் டாக்டர் அளந்து பாத்தாரு, குஞ்சு நுனி மொட்டோட அகலம் 12 மில்லிமீட்டர்தான். 14க்கு கீழ இருந்தா தையல் விட்டுப்போறது, பக்கத்துல ஓட்டை விழுந்து ஒழுகுறதெல்லாம் கூடுதலா வருமாம், அதனால முன்னாடியே டெஸ்டோஸ்டிரோன்னு ஆம்பள ஹார்மோன் ஊசி போடலாமான்னாரு. கிலோவுக்கு 2 மில்லிகிராம், இவன் 9 கிலோ, ஆக 18, மாசம் ஒண்ணா ரெண்டு ஊசி.

எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. ராத்திரி ஃபோன்ல அந்தப் பேரைத் தட்டுனா ஜிம் பாடி காட்டுறவனுங்க படமா வருது!

மறுவாட்டி போனப்ப நேராவே கேட்டேன், இது போட்டா ஆப்பரேஷன் நிச்சயம் நல்லா வருமா டாக்டர்னு. பெருசாகும், ரத்த ஓட்டம் கூடும், அது நிச்சயம்மா, ஆனா பின்னாடி பிரச்சனை குறையுமாங்கறதுல டாக்டருங்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல, புண்ணு ஆற லேட்டாகும்னு சொல்றவங்களும் இருக்காங்க, அதான் கடைசி ஊசிக்கும் ஆப்பரேஷனுக்கும் நடுவுல இடைவெளி விடுறோம்னாரு. எல்லாம் சரியாயிடும்னு அடிச்சு சொல்லியிருந்தா நான் கையெழுத்து போட்டிருக்கவே மாட்டேன், இப்படி சொன்னதாலதான் போட்டேன்.

ரெண்டாவது ஊசிக்கப்புறம் ஒருநாள் பெம்பர்ஸ் மாத்துறேன், அடியில நாலஞ்சு கருப்பு முடி, பென்சில்ல கீறுன மாதிரி மெல்லிசா. தோலும் கறுத்திருந்துச்சு. முன்கூட்டியே சொல்லியிருந்தாங்க, நிறுத்துனா போயிடும்னு, இருந்தாலும் கை நடுங்கிருச்சு. நல்லவேளை மாமி அப்ப அடுப்படியில இருந்தாங்க, பாத்திருந்தா ஊரே கூடியிருக்கும்.

ஆப்பரேஷன் முடிஞ்சு மூத்திர டியூபோட ஒரு வாரம், ரெண்டு பெம்பர்ஸ் ஒண்ணு மேல ஒண்ணு, உள்ளதுல ஓட்டை போட்டு டியூபை வெளிப் பெம்பர்ஸுக்குள்ள விடணும். இப்ப ஒண்ணுக்கு நேரா போறான், அந்த முடியெல்லாம் இருந்த இடம் தெரியல. தனியா சுன்னத் தேவையில்ல, இதுலயே முடிஞ்சிருச்சுன்னு டாக்டர் சொன்ன அன்னைக்கே மாமி நெய்ச்சோறுக்கு எத்தன பேருன்னு எண்ண ஆரம்பிச்சிட்டாங்க.